எண்ணெய் வைக்காத தலைகள்

தாராவியில் எதையும் சும்மா வீசிவிட முடியாது. வீசப் போகிற கையைப் பார்த்து, "அதுக்கு என்ன வெல சொல்லுதிய?" என்று கேட்க யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். எலும்புக்கு ஆள் உண்டு, பழைய டப்பாவுக்கு ஆள் உண்டு, உடைந்த கண்ணாடிக்கு இரண்டு ஆள் உண்டு. அந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பெண்கள் தலை வாரும்போது சீப்பில் சிக்கி வருகிற முடிக்கு மட்டும் வெகுகாலம் ஆளில்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் மேலப்பாளையத்து இனாயத்துல்லா.

சீனத்து முடி கூடாதென்று அமெரிக்காக்காரன் சொன்னதற்கு மறுவருஷம் அது. சீமையில் பெண்களுக்கு டோப்பா என்கிற பொய்முடி மேல் அப்படி ஒரு மோகம் பிறந்திருந்தது. காலைக்கு ஒரு தலை, மாலை விருந்துக்கு இன்னொரு தலை. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனி டோப்பா கட்டிக் கப்பலில் அனுப்பியது. அதன் கண்ணாடி அலமாரியில் கழுத்துவரை மட்டுமே உள்ள பொம்மைகள் வரிசையாக நின்று, படியேறி வருகிறவனை எல்லாம் ஏளனமாகப் பார்க்கும். ஒரு டோப்பாவின் விலைக்குத் தாராவியில் வீடு வாங்கிப் பாலும் காய்ச்சிவிடலாம். சரக்கு, கோயில்களில் மொட்டையடித்த முடி. ஊரில் பக்திக்குக் குறைவில்லை. ஆனாலும் சீமாட்டிகளின் ஆசை அதைவிட வேகமாக வளர்ந்ததால் கோயில் முடியின் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

இந்தப் பக்கம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் லேபர் கேம்ப்பிலும் தினமும் காலையில் பெண்கள் உதிர்ந்த முடியை விரலில் சுற்றி, தூ தூ என்று மூன்று தரம் துப்பி, கச்ரா டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனாயத்துல்லாவுக்கு மனசு பொறுக்கவில்லை. துப்புவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. போடுவதில்தான்.

மனைவி ஆபிதாவின் அண்ணன் கரீம் பாட்சாவோடு தோல் பதனிடும் தொழிலில் கூட்டாக இருந்தவர், கூட்டை முறித்துக்கொண்டு முடிக்கு வந்தார். கொட்டகை மட்டும் மச்சானுடையது. அதைக் கொடுக்கும்போதே கரீம் பாட்சா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"மாப்ளே, தோலு வியாபாரம் நாறும், ஆனா சோறு போடும். நீரு மசுர நம்பிப் போறீரு. போவும். பெட்டி ஒருக்கத் திரும்பி வந்தா பொறுத்துக்கிடுவேன். ரெண்டாந்தரம் வந்துச்சுன்னா கொட்டகையில தோலுக்குப் போடுற என் உப்பு மூட்ட வந்து இறங்கும். நீரும் பழையபடி தோல்கிட்ட வந்து நிக்கணும்."

தொழில் நடந்த விதம் எளிது. இசக்கி என்ற ஒல்லியான ஆள் தோளில் சாக்கோடு மாடி மாடியாக ஏறி, முடிக்குப் பதிலாக ஊக்கும் ரிப்பனும் கொண்டை ஊசியும் கொடுப்பான். வந்து சேர்ந்த முடிப் பந்துகளைச் செண்பகவல்லியும் அவள் கூட்டிவந்த லேபர் கேம்ப் பெண்களும் ஊசியால் சிக்கெடுத்து, ஆணி அடித்த பலகையில் இழுத்து வாரி, நீளம் பார்த்துக் கட்டுவார்கள். கடைசியில் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு தடவு. முடி கருநாகம் மாதிரி மின்னும். அப்படி மின்னியபடிதான் முதல் பெட்டி ஃபோர்ட்டுக்குப் போனது.

போன பெட்டி திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே காக்கைக் கூடுகள்.

செண்பகவல்லி ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இது நம்ம சரக்கே இல்ல பாய். எவளோ மாத்திப்புட்டா."

"ஃபோர்ட்ல எவ இருக்கா, மாத்துறதுக்கு? ஒன் முடிச்சுதான. நூலப் பாரு."

நூல் அவள் கட்டிய நூல்தான். அவள் கோபத்தோடு அந்தக் கூட்டை எண்ணெயில் முக்கி, முணுமுணுத்தபடி வாரினாள். நேரம் பிடித்தது. ஆனால் முடி வழிக்கு வந்தது, மறுபடி கருநாகம். சீப்பு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தியளா? இங்கன ஒழுங்கா இருக்கு. அங்கன போனா பேயி புடிக்குது."

இனாயத்துல்லா மறுநாளே சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். கம்பெனியில் சரக்கு பார்த்து வாங்குகிற அதிகாரி சந்திரமௌலி, மாட்டுங்காக்காரர். மேஜை மேல் சீப்பு, பூதக்கண்ணாடி, சோப்பு இருக்கும். மூலையில் கை கழுவும் தொட்டி.

"நான் ஒண்ணும் பண்ணலை பாய். சோப்புப் போட்டு அலம்பினேன், காயவெச்சேன். அவ்வளவுதான். இப்படிக் கூடு கட்டிண்டுது."

"எண்ணெ தடவுனா சரியாப் போவுது சார்."

"அது எனக்கும் தெரியும். அங்கே யார் தடவுவா?"

"ஒவ்வொரு டோப்பாவோடயும் ஒரு டப்பா தேங்காயெண்ணெ வச்சு அனுப்பிருவோம். நானே சகாயமா வாங்கித் தாரேன்."

சந்திரமௌலி அவரை நன்றாகப் பார்த்தார். "பாரிஸ்ல ஒருத்தி கவுன் போட்டுண்டு, சென்ட் பூசிண்டு, தலைல தேங்காயெண்ணெய் வழிய டான்ஸ் ஆடணும்ங்கறேளா?"

"நம்ம பொம்பளைய ஆடலயா?"

"நம்மவா டோப்பா வாங்கலையே ஓய்." பிறகு அவரே சொன்னார்: "எனக்கும் இது புரியலை. கோயில் முடியை என்ன சோப்புப் போட்டாலும் இப்படிப் பண்றதில்லை. அதுவும் நம்மூர்த் தலை, இதுவும் நம்மூர்த் தலை. மேலே இருக்கறவா சொல்றா, குப்பைல பொறுக்கினது குப்பையாத்தான் இருக்கும்னு. தீபாவளி முடிஞ்ச கையோட கப்பல். அதுக்கு முன்னாடி ஒரு பெட்டி கொண்டாங்கோ. அதுவும் கூடு கட்டித்துன்னா, சீப்பு முடியைப் பத்தி இந்த ஆபீஸ்ல யாரும் பேசப்படாது. நானும்தான்."

ஆக, இனாயத்துல்லாவுக்கு இன்னும் ஒரு பெட்டி இருந்தது. அதற்குப் பிறகு உப்பு மூட்டை.

கொட்டகையில் எல்லாருக்கும் இதே பேச்சு. எண்ணெய் இருந்தால் ஒழுங்கு, எண்ணெய் போனால் கூடு. ஏன்? ஃபோர்ட்டுத் தண்ணீர் உப்பு என்றாள் ஒருத்தி. இங்கே குழாயடித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள், இங்கேயும் கூடு. துப்பிப் போட்டதை எடுத்தால் துப்பினவள் வாக்கு அதில் ஒட்டியிருக்கும் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் செண்பகவல்லி ஒரு காரணம் சொன்னாள். அதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று ஆகிவிட்டது.

"மாமியா முடியும் மருமவ முடியும் ஒரே சாக்குல கெடக்கு பாய். சேந்து படுக்குமா? எண்ணெயிங்கது ஆம்பள மாதிரி. நடுவுல இருக்க வரைக்கும் ரெண்டும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கும். அவன் அங்கிட்டு நவந்தா இதுவ புடிச்சிக்கிடும்."

இனாயத்துல்லா சிரித்தார். ஆனால் வியாபாரி எந்தச் சரக்கையும் பிரித்துப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லமாட்டான். இசக்கியைக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டுக்கு ஒரு பொட்டலம், வீட்டுக்குள்ளும் ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று உத்தரவு போட்டார்.

"ஆளுக்கு ஒண்ணா?" இசக்கி தலையில் கைவைத்தான். "ஒரு வீட்டுல கூட்டுக் குடும்பம், ஏழு பொம்பளைய. எல்லாத்துக்கும் தனித்தனியா ஊக்கு குடுத்தா என் கடையே காலி பாய்."

"குடு. கணக்க நான் பாத்துக்கிடுதேன்."

பொட்டலங்கள் வந்தன. மாமியார் தனி, மருமகள் தனி, ஓரகத்தி தனி. தனித்தனியாக அலசிக் கொடியில் தொங்கவிட்டார்கள். செண்பகவல்லி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். போகப் போக அவள் நடை தளர்ந்தது. எல்லாம் கூடு. யாரோடும் சண்டை போடாதவள் என்று மாடி முழுக்கப் பேரெடுத்த ஒருத்தியின் முடி மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகச் சுருண்டு கிடந்தது.

"அப்பம் தன்னோட தானே சண்ட போடுதா?" என்றாள் செண்பகவல்லி.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மறுநாள் வரும்போது வீட்டிலிருந்து ஒரு காகிதச் சுருள் கொண்டுவந்தாள். போன வருஷம் டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் கத்தரித்த அவளுடைய சடை. சவுரி கட்டிக்கொள்ளலாம் என்று, மேல் நுனியில் நூல் சுற்றி வைத்திருந்தாள். அதே தலையிலிருந்து இப்போது உதிர்ந்த முடி இன்னொரு கையில்.

"ரெண்டும் நாந்தான். பாத்துருவோம்."

இரண்டையும் ஒரே வாளியில், ஒரே சோப்பில் அலசினார்கள். கொட்டகையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. காய்ந்ததும் பார்த்தால், கத்தரித்த சடை பட்டு மாதிரி தொங்கியது. உதிர்ந்த முடி கூடு கட்டியிருந்தது.

இனாயத்துல்லா இரண்டுக்கும் நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே தலை, ஒரே எண்ணெய், ஒரே சோப்பு. துணிக்கடையில் ஒரே பீஸில் இரண்டு துண்டு கிழித்து ஒன்று மட்டும் சாயம் போனால், வாங்கினவன் என்ன கேட்பான்? வெட்டினது எப்படி என்றுதான் கேட்பான்.

"செம்பகம், இந்தச் சடையில தல எது, வாலு எது?"

"நூலு கட்டுன பக்கம் தல. அதுல என்ன சந்தேகம்?"

"உதிந்த முடியில?"

அவள் உதிர்ந்த முடியைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த நுனியும் அந்த நுனியும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"பந்துல எப்பிடி வருதோ அப்பிடித்தான இழுத்துக் கட்டுதோம். ஒண்ணு தல மேல, ஒண்ணு கால் மேல. அதுனால என்ன? செத்த முடி. அதுக்கு மேலு கீழு தெரியுமா?"

இனாயத்துல்லா சடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சடையிலிருந்து ஒரு முடியை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, நீளவாக்கில் மெல்ல உரசிக்கொண்டிருந்தார். துணி வாங்கும்போதும் தோல் வாங்கும்போதும் விரல் தானாகச் செய்கிற வேலை அது. உரச உரச முடி மேலே ஏறியது. கீழே இழுத்துவிட்டார். மறுபடி ஏறியது. திருப்பிப் பிடித்தார். இப்போது அதே முடி அதே விரலில் கீழ்நோக்கி இறங்கியது.

"ஏட்டி, இங்க வா. இது நடக்குது."

"என்ன நடக்குது?"

"முடிதான். நீ புடி."

அவள் பிடித்து உரசினாள். முடி அசையவில்லை. பாய்க்கு வயதாகிறது என்ற முகத்தோடு அவரைப் பார்த்தாள். அவர் அவள் கையை மோந்து பார்த்துவிட்டு, "எண்ணெக் கை. கழுவிட்டு வா," என்றார்.

கழுவிவிட்டு வந்தாள். முடி நடந்தது. எப்போதும் நூல் கட்டியிருந்த பக்கமாக, வேர் இருந்த பக்கமாகவே நடந்தது. எத்தனை தரம் திருப்பினாலும் அதற்கு வேர்ப் பக்கம் தெரிந்திருந்தது.

"ஊசிப்புல்லு," என்றாள் அவள் திடீரென்று. "காட்டுக்குள்ள நடந்தா சேலையில ஏறுமே, ஏறுனா ஏறுனதுதான், திரும்ப வராது. அதே மாதிரி இதுக்கும் கண்ணுக்குத் தெரியாம ஒரு முள்ளு இருக்கு பாய். தல மேல ஒண்ணும் கால் மேல ஒண்ணுமாப் போட்டா, இது அங்கிட்டு ஏறும், அது இங்கிட்டு ஏறும்."

"வழியில மாட்டிக்கிடும்."

"எண்ணெ இருந்தா வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

"இல்லன்னா கூடு."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முடியை நடத்திக்கொண்டிருந்தார்கள். வியாபாரத்தில் இப்படியான நேரம் அபூர்வம். அதற்கு விலை கிடையாது என்பதால் இனாயத்துல்லாவே அதை முதலில் முடித்துக்கொண்டார்.

"செரி. ஒரு பெட்டி முடிய ஒத்த ஒத்தையா நடக்கவிட்டா என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிரும். மொத்தமா நடக்க வைக்கணும். எப்பிடி?"

இதற்குச் சோதனைகள் பல நடந்தன. சரக்கும் நிறைய வீணாயிற்று. அதிகமாக உரசினால் எல்லாம் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி இறுகிவிட்டது. தடிமனான கட்டு நகரவே இல்லை. கடைசியில் பிடிபட்ட வழி இது: எண்ணெய்ப் பிசுக்கு போக அலசிக் காயவைத்த முடியில் பென்சில் கனத்துக்கு எடுத்து, கொஞ்சம் சாம்பல் தூவி, உள்ளங்கையில் நாலைந்து தரம் இலேசாக உரச வேண்டும். வலப்பக்கம் வேர் உள்ளது வலப்பக்கம் எட்டிப் பார்க்கும், மற்றது இடப்பக்கம். எட்டிப் பார்த்ததை ஒருத்தி இந்தப் பக்கம் உருவ, இன்னொருத்தி அந்தப் பக்கம் உருவ வேண்டும். நடுவில் நிற்பதை மறுபடி உரச வேண்டும். முழுக்கச் சுத்தமாகாது. ஆனால் சண்டைக்காரர்கள் குறைந்துவிட்டால் ஊர் அமைதியாகத்தானே இருக்கும்?

பெண்களின் கையில் பழக்கம் ஏறியது. பேச்சும் மாறியது. "இவ மேல போறவ, இவ கீழ போறவ" என்று முடியை அவர்கள் ஆளாகவே பேசத் தொடங்கினார்கள். பெட்டி நிறைந்தபோது தீபாவளிக்குப் பட்சணம் கிண்டுகிற வாசனை லேபர் கேம்ப்பில் கிளம்பிவிட்டது. அன்று காலையில் இனாயத்துல்லா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, எதிரே கைவண்டியில் உப்பு மூட்டைகளோடு கரீம் பாட்சா வந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான், பெட்டி இன்னும் போகவேயில்ல. அதுக்குள்ள உப்பா?"

"போயிட்டு வாரதுக்கு எம்புட்டு நேரம் ஆவும் மாப்ளே? வண்டிக்காரன் எட்டணா வாடக கேக்கான். நீரு வந்த பெறவு திரும்பக் கூப்பிட்டா இன்னொரு வாடக."

"போயி உக்காரும். செம்பகம் சாயா தருவா."

ஃபோர்ட்டில் சந்திரமௌலி ஒரு முடிக்கட்டை எடுத்து, சோப்பை ஏராளமாகப் போட்டு, பழிவாங்குகிறவர் போல அலசினார். மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டார். காய்கிற வரை இருவருக்கும் பேச விஷயம் வேண்டியிருந்ததால், இனாயத்துல்லா பொட்டலக் கதையைச் சொன்னார்.

"மாமியா மருமவ சண்டதான் காரணமின்னு நெனச்சு, ஆளுக்கொரு பொட்டலமா வாங்குனோம் சார். உங்க மாட்டுங்காவுலயே ஒரு வீடு. மூணாவது மாடி, வாசல்ல பெரிய பித்தளத் தொட்டியில துளசி. மாமியா முன் வாசல்ல ஊக்கு வாங்கினாங்களாம். மருமவ, பேரு பார்வதியம்மாளாம், பின் மாடிப்படியில வந்து தனியா ரிப்பன் வாங்கினாங்களாம். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு."

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அது எங்காத்துத் துளசி ஓய்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அவா ரெண்டு பேருக்கும் சண்டையே கிடையாது," என்றார் பிறகு.

"இல்ல சார். கூடு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

சந்திரமௌலி தொங்கிய கட்டை நிமிர்ந்து பார்த்தார். குப்பையில் பொறுக்கினது என்று இனி அந்த அறையில் சொல்ல முடியாது என்பது இருவருக்கும் புரிந்தது. அவர் எழுந்து, சீப்பை முடியின் மேல் முனையில் வைத்து இழுக்கப் போனார். இழுக்க வேண்டியிருக்கவில்லை. கூடு கட்டியிருக்கும் என்று முரட்டுத்தனமாக வைத்த கை சட்டென்று கீழே போயிற்று. சீப்பு நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து, இன்னொரு தரம். இன்னொரு கட்டு. ஒன்றிரண்டு இடத்தில் தயங்கியது, நிற்கவில்லை.

"என்ன பண்ணேள்?"

"எண்ணெ இல்ல சார். மோந்து பாருங்க."

"பார்த்தாச்சு. என்ன பண்ணேள்?"

இனாயத்துல்லா நாற்காலியில் சாய்ந்தார். "கோயில் முடி வெலைக்கு எடுத்துக்கிட்டா சொல்லுதேன்."

"அது நடக்காது. மேல இருக்கறவா சிரிப்பா."

"அப்பம் சரக்க மட்டும் எடுத்துக்கிடுங்க. அந்த வித்தை என்கிட்டயே இருக்கட்டும்."

"ஓய், நான் இன்னிக்கு ராத்திரி தூங்க வேண்டாமா?"

"தூக்கத்துக்கு வெல போடுறது கஷ்டந்தான் சார்."

கோயில் முடிக்கு ஒரு படி கீழே, முன்பு பேசியதற்கு இரண்டு படி மேலே என்று முடிவாயிற்று. சந்திரமௌலி கையெழுத்துப் போட்ட பிறகுதான் இனாயத்துல்லா ஒரு முடியை உருவி அவர் விரல் நடுவே வைத்தார். வெளியே வரும்போது பூதக்கண்ணாடிக்குக் கீழே கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவர் குனிந்திருந்தார். டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

வெறுங்கையோடு இனாயத்துல்லா கொட்டகைக்குத் திரும்பினார். பெட்டி இல்லாத கையைப் பார்த்தவுடன் செண்பகவல்லி விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஆணிப் பலகையில் அடுத்த முடிக்கட்டை மாட்டினாள். வாசலில் கைவண்டி நின்றது. மூட்டை ஒன்றுகூட இறங்கவில்லை. வண்டிக்காரன் தன் மீசையிலிருந்து பிடுங்கிய ஒரு முடியை விரலில் வைத்துக்கொண்டு மும்முரமாக இருந்தான்.

உள்ளே கரீம் பாட்சா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறிப்போன சாயா. காலடியில் அவருடைய கிடங்கிலிருந்து கொண்டுவரச் சொன்ன பச்சை ஆட்டுத்தோல் ஒன்று. பெட்டி என்னாயிற்று என்று அவர் கேட்கவேயில்லை.

"வாரும் மாப்ளே. ஒங்க செம்பகம் ஒரு முடியக் குடுத்து என்னயப் பைத்தியம் புடிக்க வச்சுட்டா. தாடி முடி நடக்குது. சரி, மனுசன் முடி. ஆடு? ஆட்டு ரோமமும் நடக்குதுவே. இந்தாரும், பாரும்."

இனாயத்துல்லா குனிந்து பார்த்தார். நடந்தது. மனித முடியைவிட விறுவிறுப்பாக நடந்ததோ என்றுகூடத் தோன்றியது. அதிகமாக உரசியபோது கம்பளி மாதிரி இறுகிப்போன அந்தக் கட்டு அவருக்கு நினைவு வந்தது. அதைத் தூர எறியாமல் பரணில்தான் வைத்திருந்தார்; கம்பளிக்கு விலை உண்டு.

"தோல்ல இருந்து எடுக்குற இந்த ரோமத்த எல்லாம் என்ன பண்ணுதிய மச்சான்?" என்று, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"என்ன பண்ண? கச்ராதான. மாஹிம் உப்பங்கழியில கொட்டுதோம்."

சொல்லி முடித்த பிறகுதான் கரீம் பாட்சா மைத்துனரின் முகத்தைக் கவனித்தார். அவரும் முப்பது வருஷமாக வாங்கி விற்கிற ஆள். விரலில் நடந்துகொண்டிருந்த ரோமத்தை அப்படியே உள்ளங்கைக்குள் வைத்துக் கையை மூடிக்கொண்டார்.

"மூட்டைய எல்லாம் திரும்பக் கொண்டு போவே," என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு, முக்காலியை இனாயத்துல்லாவுக்கு நேராக இழுத்துப் போட்டார். "செம்பகம், சூடா ரெண்டு சாயா கொண்டா. இப்பம் சொல்லும் மாப்ளே. அதுக்கு என்ன வெல சொல்லுதிய?"